நாற்பத்தொன்றாம் தவளை

சுங்கை பூரோங் வயலில்
மழை விட்ட பிறகுதான் கத்தத் தொடங்கின.
கத்துவதெல்லாம் ஆண்.
பெண் வேண்டுமென்றால்
சத்தமில்லாத இடமாய்ப் பார்த்து டார்ச் அடிக்க வேண்டும்.
மருதையா வேனைவிட்டு இறங்கவில்லை.
பாம்புக்குப் பயமில்லையாம், சேற்றுக்குத்தான்.

நாற்பத்தொன்றை வரப்போரம் பிடித்தேன்.
வயிறு கனத்திருந்தது.
ஈரத் துணிப்பையில் போட்டுச் சீட்டில் எழுதினேன்:
பெண்.
விடிவதற்குள் பைக்குள்ளேயே முட்டை இட்டிருந்தது,
கறுப்பும் வெள்ளையுமாய், கொழகொழவென்று.

வியாழக்கிழமை ஜெல்லில் இரண்டு கோடுகள்.
எக்ஸ் ஒன்று. ஒய் ஒன்று.
ஆண் என்றது மரபணு.
குழாயை மாற்றியிருப்பாய் என்று ரொஸ்மாவாத்தி சிரித்தாள்.
மறுபடி செய்தேன்.
அதே இரண்டு கோடுகள்.

லென்ஸுக்கடியில் பதின்மூன்று இணைகள்
ஒட்டியும் விலகியும் கிடக்கின்றன.
எந்த இணை ஆணையும் பெண்ணையும் முடிவு செய்கிறதென்று
பார்த்துச் சொல்ல முடியாது.
எல்லாம் ஒரே மாதிரி இரட்டைப் பிள்ளைகள்.
மனிதருடைய ஒய்
சீவிச் சீவி விரலில் நிற்காத பென்சில் துண்டு.
தவளையின் ஒய் மட்டும் எப்படி முழுசாக இருக்கிறது?

ஆண் உடம்பில் எக்ஸும் ஒய்யும்
நுனியில் மட்டும் தொட்டுக்கொள்ளும்.
நடுவில் எதையும் மாற்றிக்கொள்ளாது.
பெண் உடம்பு தாராளம்,
வெட்டி ஒட்டி முழுநீளம் கலக்கும்.
எப்போதாவது ஒரு ஒய்
வழி தவறிப் பெண் உடம்புக்குள் போய்ச் சேர்கிறது.
தலைப்பிரட்டையாய் இருந்தபோது தண்ணீர் குளிர்ந்ததோ,
வயலுக்கு அடித்த மருந்தோ, தெரியாது.
அங்கே எக்ஸைச் சந்தித்து
பழுதானதைக் கொடுத்து நல்லதை வாங்கி
இளசாகித் திரும்புகிறது.
நூறு தலைமுறைக்கு ஒரு நாற்பத்தொன்று போதும் என்கிறார்கள்.

அந்தப் பதவியும் நிரந்தரமில்லை.
இந்த இனத்தில் முதல் இணை செய்கிற வேலையை
பக்கத்து இனத்தில் ஐந்தாம் இணை செய்யும்.
எங்கள் கோயில் கமிட்டியில்
இவ்வளவு சுலபமாய்த் தலைவர் மாறியதில்லை.

பதினேழு வயதில் எனக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள்.
பொது மருத்துவமனை, நான்காம் மாடி.
டாக்டர் மலாயில் சொன்னார்,
அம்மாவுக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல.
நாற்பத்தாறு. எக்ஸ். ஒய்.
அம்மா அதை நான்காய் மடித்து
மைலோ டின்னில் போட்டு மூடினார்.
அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மைலோ கலக்கவில்லை.

இதை உவமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.
நாற்பத்தொன்றுக்கு முட்டை இருந்தது.
என்னிடம் வந்த ஒய்
என்னோடு இறங்கிக்கொள்ளும்.

படிவத்தில் 'பால்' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.
என்ன போடுவது, என்றாள் ரொஸ்மாவாத்தி.
அவள் மொழியில் அவனும் டியா, அவளும் டியா.
நம் மொழியிலும் தவளைக்குத் தொல்லையில்லை.
குதித்தது. முங்கியது. கத்தவில்லை.
எனக்குத்தான் பின்னால் ஓர் 'ஆள்' நடந்து வருகிறாள்.
படித்தாள், வேலைக்குப் போனாள்,
முப்பத்தாறாகியும் கட்டிக்கொள்ளவில்லை, பாவம் அவள்.
பிறர் சொல்லும்போதுதான் அதுவும்.
பிடித்தேன், எழுதினேன், மறுபடி செய்தேன்
என்று நானே சொல்லும்போது
அந்த 'ஏன்' எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.
இத்தனை வருஷம் பேசியும்
போன வாரம்தான் கவனித்தேன்.

கட்டத்தில் இரண்டையும் எழுதினேன்.
உடல்: பெண். மரபணு: எக்ஸ் ஒய்.
இடம் போதாமல் ஓரத்தில் ஏறியது.

சனிக்கிழமை இரவு அதே வரப்பில் பையை அவிழ்த்தேன்.
கொஞ்சம் உட்கார்ந்திருந்தது.
பிறகு இல்லை.
எல்லாப் பக்கமும் கத்திக்கொண்டிருந்தன.

வேனில் ஏறியதும் மருதையா கேட்டார்:
இவ்ளோ ஆராய்ச்சி பண்ணீங்களே, கடைசியில
அது ஆணா, பெண்ணா?

முட்டை போட்டுச்சு, என்றேன்.

சரிதான், என்று கியரைப் போட்டார்.